கல்லாகிப்போன கருவும் 'வாய்வு வலி'யும்: நாள் தள்ளிப்போனால் செய்யக்கூடாத தவறுகள்

மொராக்கோவில் 1955-இல் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பெண், அங்கே இன்னொருத்தி ஆபரேஷனில் இறந்ததைப் பார்த்துப் பயந்து வீட்டுக்கு ஓடிவிட்டார். சில நாளில் வலி நின்றது, குழந்தை பிறக்கவில்லை. 46 வருடம் கழித்து மறுபடி வலி வந்தபோதுதான், கருப்பைக்கு வெளியே வளர்ந்து இறந்த அந்தக் குழந்தை வயிற்றுக்குள் கல்லாகிக் கிடந்தது தெரிந்தது. மூன்று மாதத்துக்கு மேல் வளர்ந்த கருவை உடம்பால் கரைக்க முடியாது. கிருமி தொற்றாவிட்டால் சுண்ணாம்புச்சத்து படிந்து இறுகிவிடும். 400 வருட மருத்துவப் பதிவுகளில் இப்படிச் சில நூறு பேர்தான்.

கல்லாவதுதான் அபூர்வம், கரு கருப்பைக்கு வெளியே இடம் மாறித் தங்குவது அப்படியல்ல. நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இப்படி ஆகும், பெரும்பாலும் கருக்குழாயில். குழாய் வெடித்தால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடித் தட்டை மடியில் வைத்தபடியே அடிவயிற்றைப் பிடித்துக்கொள்பவளிடம், "வாய்வுதாம்ட்டி, ஓமத்தண்ணியக் குடிச்சிட்டுப் படு" என்பார் பக்கத்து வீட்டு ஆச்சி. அக்கறையில் சொல்வதுதான். ஆனால் நாள் தள்ளிப்போய், ஒரு பக்கமாக வலித்து, லேசாக ரத்தமும் பட்டால் அது வாய்வு இல்லை. தோள்பட்டை வலியும் மயக்கமும் சேர்ந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

எனக்கு அதிகம் பயம் தருவது மெடிக்கலில் கேட்டு வாங்கும் கலைப்பு மாத்திரை. குழாயில் இருக்கும் கருவை அது கலைக்காது. ஆனாலும் ரத்தப்போக்கு வரும், 'சரி, முடிந்தது' என்று அவள் வேலைக்குப் போய்விடுவாள். கரு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். கார்டில் இரண்டு கோடு விழுந்தால் கர்ப்பம் என்று மட்டும்தான் தெரியும், எங்கே என்று ஸ்கேன்தான் சொல்லும். கடைசியாகத் தீட்டு வந்த நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அந்த ஸ்கேனை எடுத்துவிடுங்கள். சீக்கிரம் தெரிந்தால் சிலருக்கு ஊசியிலேயே சரியாகிவிடும்.

'குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சே' என்றும் விட்டுவிடாதீர்கள். ஆபரேஷனோ காப்பர்-டீயோ தவறி கரு தங்கினால், அது குழாயில் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

திசையன்விளையிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மயக்கம் வரும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் வயிற்றுவலி என்று மட்டும் சொல்லாமல், கடைசியாகத் தீட்டு வந்த தேதியை முதலில் சொல்லுங்கள். மாமியார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லும்படி நர்சம்மாவிடம் கேளுங்கள்.