உப்புக்கு ஒரு மாத ஆராய்ச்சி, மணலுக்கு ஐந்து நிமிடம்

வீட்டில் கடல்நீரில் பவளமும் மீனும் வளர்க்கும் பவளத் தொட்டியைப் புதிதாக வைக்கப்போகிற ஒருவர் போன வாரம் தன் கொள்முதல் பட்டியலை எனக்கு அனுப்பினார். தண்ணீரைக் கடல்நீராக்கும் உப்பைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். நான்கு கலவைகளின் கால்சியம், மக்னீசியம், ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன்) அளவுகளைக் கட்டம் போட்டு ஒப்பிட்டிருந்தார். கடைசி வரியில், "அடிமணல்: கிரஷ்டு கோரல், 20 கிலோ, வாங்கியாயிற்று" என்று இருந்தது, அதாவது நொறுக்கிய பவளச் சில்லு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய பட்டியலும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது.

சமையல் உப்பைக் கரைக்கக் கூடாது, சாயம் பூசிய கூழாங்கல்லைக் கொட்டக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். உப்பிலும் மணலிலும் புதியவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

பெரிய எண் போட்ட உப்பே நல்ல உப்பு என்று நம்புவது

கடல்நீரின் உப்புத்தன்மை ஆயிரத்தில் சுமார் 35 பங்கு. ஆல்கலினிட்டி 7 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) அளவை ஒட்டி இருக்கும். கால்சியம் லிட்டருக்கு 410 மில்லிகிராம், மக்னீசியம் 1,300 மில்லிகிராம் பக்கம் இருக்கும். சில கலவைகள் இந்த அளவுகளுக்கு அருகிலேயே நிற்கும். சிலவற்றில் ஆல்கலினிட்டி 11, 12 வரை ஏற்றப்பட்டிருக்கும். வேகமாக வளரும் கல்பவளங்கள் நிறைந்த தொட்டி அதை அன்றாடம் உறிஞ்சித் தீர்க்கும் என்பதால் அப்படி ஏற்றுகிறார்கள். புதியவரின் தொட்டியில் இரண்டு கிளவுன் மீன்களும் ஒரு மென்பவளமும்தான் இருக்கும். அங்கே அதை உறிஞ்ச ஆளில்லை. 8 டிகேஎச் அளவில் ஒரு கலவையை எடுங்கள், அதிலேயே நில்லுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கணக்குப் போட்டு மாற்றுங்கள். தொட்டியில் 7.5, புது உப்பில் 11 என்று வையுங்கள். பத்து சதவீத நீரை மாற்றினால் தொட்டி 7.85க்கு வரும், பவளம் அதைக் கண்டுகொள்ளாது. பாதி நீரை ஒரே நாளில் மாற்றினால் 9.25க்குத் தாவும். கிளைப்பவளங்களின் நுனி வெளுப்பது இத்தகைய தாவல்களில்தான்.

தண்ணீரை உப்பின் மேல் ஊற்றுவது

தண்ணீரைச் சுழல விட்டு, அதில்தான் உப்பைத் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் வாளியின் அடியில் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படியும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் அது கரையாது.

நல்ல உப்பைக் குழாய்நீரில் கரைப்பது

குழாய்நீரில் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் செம்பும் வரலாம். செம்பு இறாலைக் கொல்லும். கரைந்தவற்றை நீக்கும் ஆர்ஓ-டிஐ வடிகட்டியின் நீரையே எடுங்கள், அதன் டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் மொத்த அளவு) பூச்சியமாக இருக்க வேண்டும்.

ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்க்காமல் நம்புவது

இது உப்புத்தன்மையை அளக்கும் கருவி. சுத்த நீரில் பூச்சியம் காட்டும் கருவி 35இல் தவறாகக் காட்டக்கூடும். உப்புத்தன்மை 35 என்று உறுதியாகத் தெரிந்த திட்டக் கரைசலை வைத்தே சரிபாருங்கள்.

நொறுக்கிய பவளத்தை அடியில் கொட்டுவது

இதைப் பற்றி நீளமாகத்தான் பேசுவேன். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

உப்பில் செய்த பிழை சில வாரங்களில் தெரிந்துவிடும். நான்கைந்து நீர் மாற்றங்களில் சரியாகியும்விடும். அடிமணலில் செய்த பிழை தெரிய ஓராண்டு ஆகும். அதற்குள் மணல்மேல் பாறை, பாறைமேல் பவளம், பாறையிடுக்கில் மீன் என்று ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருக்கும்.

எனக்கு விற்றவர் சொன்ன காரணம், "இது கரைந்து கரைந்து பிஎச் அளவைத் தாங்கிப் பிடிக்கும்" என்பது. இன்றும் அதே வாக்கியம் புதியவர்களின் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. இந்தச் சில்லு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். பவளத் தொட்டியின் பிஎச் வழக்கமாக 7.8க்கும் 8.3க்கும் இடையில் இருக்கும். அந்த நீரில் இது சொல்லிக்கொள்ளும்படி கரையாது. கால்சியம் ரியாக்டர் (தொட்டிக்குக் கால்சியம் ஊட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் இதே சில்லைக் கரைப்பதற்காகவே கரியமில வாயுவைச் செலுத்தி, ரியாக்டருக்குள் பிஎச் அளவை 6.5 பக்கம் இறக்குகிறார்கள். தானாகக் கரையுமென்றால் அவர்களுக்கு அந்த வாயு உருளையே தேவைப்பட்டிருக்காது.

கரையாத சில்லு தன் இடுக்குகளில் அழுக்கைச் சேர்க்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மணலில் மீன் கழிவும் மிஞ்சிய இரையும் மேலேயே கிடக்கும். நத்தை தின்னும், நீரோட்டம் அள்ளிப்போகும். ஐந்து மில்லிமீட்டர் சில்லில் அவை நேரே உள்ளே இறங்கிவிடும். நான் அதை 7 சென்டிமீட்டர் கனத்துக்குக் கொட்டியிருந்தேன். ஆறு மாதம் தொட்டி பளிச்சென்று இருந்தது. ஒன்பதாம் மாதம், கழிவு சிதைந்து சேரும் நைட்ரேட் 50. வாரந்தோறும் 20 சதவீதம் நீர் மாற்றினேன். 50, 40 ஆகும். ஏழு நாளில் மறுபடியும் 50. உப்பைச் சந்தேகித்து இரண்டு முறை மாற்றினேன். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் பெரிய ஸ்கிம்மர் வாங்கினேன். காலடியில் இருந்த காரணம் கண்ணில் படவில்லை. ஒருநாள் ஒரு பாறையை நகர்த்தியபோது அதன் அடியிலிருந்து பழுப்புப் புகையாகக் கிளம்பியது.

உடனே ஆத்திரப்பட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முழுவதையும் அள்ளினேன். அள்ள அள்ளத் தொட்டி கலங்கியது. இரவில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து தவித்தன. காலையில் ஒரு கிளவுன் மீனும் இரண்டு துப்புரவு இறால்களும் செத்துக் கிடந்தன. அந்தக் கிளவுன் மீன் நான் வாங்கிய முதல் மீன்.

ஏற்கெனவே கொட்டிவிட்டவர்கள் நான் செய்ததைச் செய்யாதீர்கள். நீர் மாற்றும் நாளில், அகலமான சைஃபன் குழாயால் தளத்தின் நாலில் ஒரு பகுதியை மட்டும் உறிஞ்சி எடுங்கள். சில்லோடு அழுக்குநீரும் வெளியே போய்விடும். அடுத்த பகுதி அடுத்த வாரம். அதுவரை கார்பன் வடிகட்டி ஓடட்டும், காற்று நன்றாகப் போகட்டும், அமோனியாவைச் சோதித்துக்கொண்டே இருங்கள். புது மணலைக் கழுவி, ஒரு குழாயைத் தளம்வரை இறக்கி, அதன் வழியாகவே போடுங்கள்.

பட்டியல் அனுப்பியவர் மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். "நன்றாகக் கழுவிப் போட்டால் போதாதா?" என்று கேட்டார். புதுச் சில்லில் அழுக்கு இல்லையே, பிறகு சேர்வதுதானே சிக்கல்! ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அரகோனைட் (ஒருவகைக் கால்சியம் கார்பனேட்) மணலை 3 சென்டிமீட்டர் கனத்துக்குப் போடுங்கள் என்றேன். பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஆழமான மணற்படுகை வைப்பவர்கள் உண்டு. அது நுண்மணலில் செய்ய வேண்டிய தனிக் கலை, முதல் தொட்டிக்கு வேண்டாம்.

மாவு போன்ற மணலை வாங்குவது

பம்ப்பைப் போட்டதும் பவளத்தின் மேல் போய்ப் படியும்.

மணலைப் போட்டபின் பாறையை வைப்பது

பாறை முதலில், நேரே கண்ணாடித் தளத்தில். பிஸ்டல் இறாலும் கோபி மீனும் மணலைத் தோண்டும். மணல்மேல் நிற்கும் பாறை அப்போது சரியும்.

மணலே வேண்டாம் என்று வெறும் தளத்தோடு வைப்பது

இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். பம்ப்பின் வேகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், அழுக்கு கண்ணுக்குத் தெரியும். ஆனால் இரையைப் போட்டதும், அதுவரை கண்ணில் படாத நசாரியஸ் நத்தைகள் மூக்குக்குழலை நீட்டிக்கொண்டு மணலைப் பிளந்து மேலே வருவதைப் பார்ப்பதற்காகவே நான் மணல் வைத்திருக்கிறேன். அவற்றுக்கும் அந்த 3 சென்டிமீட்டரே போதும்.