பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது யார்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களிலேயே முதலிடத்தில் இருப்பவர் பல்கலைக்கழக ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) அணியின் தலைமைப் பயிற்சியாளர்தான். அவரை நியமிக்கும் பொறுப்பு, காகிதத்தில், விளையாட்டுத் துறை இயக்குநருடையது. ஆனால் அந்தத் துறைக்குப் பெரும் பணம் தரும் பழைய மாணவர்களும் தொழிலதிபர்களும் இருக்கிறார்கள். பூஸ்டர்கள் என்று அழைக்கப்படும் இவர்களுடைய குரலும் அந்த அறையில் எப்போதும் கேட்கும்.

நன்கொடையை நான் குறை சொல்லவில்லை. எண்ணெய்த் தொழிலதிபர் பூன் பிக்கன்ஸ் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 165 மில்லியன் டாலர் கொடுத்தார். அந்த அணி தலைநிமிர்ந்ததில் அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முடிவெடுப்பவர் ஒருவர், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர் என்று ஆகும்போதுதான் சிக்கல் வருகிறது. கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஒரு நல்ல வருடத்தை நம்பி பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவது

இதற்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கதையைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குத் தேசியச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த ஜிம்போ ஃபிஷரை 2017 டிசம்பரில் அழைத்து வந்தார்கள். 10 ஆண்டு, 75 மில்லியன் டாலர், முழுத் தொகைக்கும் உத்தரவாதம். வேந்தர் ஜான் ஷார்ப் அவருக்கு ஒரு பட்டயம் (நினைவுப் பலகை) பரிசளித்தார். தேசியப் பட்டம் வென்றதற்கான அந்தப் பட்டயத்தில் ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் ‘20’ என்று மட்டும் பொறித்து, அடுத்த இரண்டு இலக்கங்களைக் காலியாக விட்டிருந்தார்கள். ஃபிஷர் இருந்தவரை அந்த இடம் நிரம்பவே இல்லை.

2020இல், கொரோனாவால் சுருங்கிய பருவத்தில், அணி 9 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. நாட்டிலேயே 4ஆம் இடம். 2021 செப்டம்பரில் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டித்துச் சம்பளத்தையும் உயர்த்தினார்கள். அடுத்த ஆண்டே 5 வெற்றி, 7 தோல்வி. 2023 நவம்பர் 12 அன்று அவரை அனுப்பியபோது கொடுக்க வேண்டிய பாக்கி 76 மில்லியன் டாலரைத் தாண்டியது. அதற்கு முன் இந்த விளையாட்டில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. 60 நாளுக்குள் சுமார் 19 மில்லியன், மீதி ஆண்டுக்கு 7 மில்லியன் வீதம் 2031 வரை.

தொகையைக் காட்டிலும் எனக்கு உறுத்துவது ஒப்பந்தத்தில் இல்லாமல் போன ஒரு விதிதான். வழக்கமாக இப்படி அனுப்பப்பட்டவர் வேறு வேலை தேட வேண்டும், அங்கே வாங்கும் சம்பளத்தைப் பழைய இடம் தரும் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி சேர்ப்பார்கள். ஃபிஷரின் ஒப்பந்தத்தில் அது இல்லை. அவர் மறுநாளே வேறு அணியில் சேர்ந்திருந்தாலும் ஒரு டாலர்கூடக் குறைந்திருக்காது. பென் ஸ்டேட்டில் நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 அக்டோபரில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியபோது பாக்கி சுமார் 49 மில்லியன். அடுத்த மாதமே வர்ஜீனியா டெக் அவரை எடுத்துக்கொண்டது. பென் ஸ்டேட் தர வேண்டியது சுமார் 9 மில்லியனாக இறங்கியது. கையெழுத்துக்கு முன்னால் இந்த ஒரு விதியை ஒழுங்காகப் பார்ப்பவர்கள் 40 மில்லியனைக் காப்பாற்றலாம்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகம் இதை முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. பயிற்சியாளர் சார்லி வைஸ் தன் முதல் பருவத்தையே முடிக்காத நிலையில், 2005 அக்டோபரில் அவருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. 2009இல் அவரை அனுப்பிய பிறகும் பல ஆண்டுகள் பணம் கட்டிக்கொண்டிருந்தது. மிச்சிகன் ஸ்டேட்டில் பயிற்சியாளர் மெல் டக்கருக்கு 2021இல் 95 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட முடிந்தது இரண்டு நன்கொடையாளர்கள் பணத்துக்கு முன்வந்ததால்தான். வேறொருவர் பணம் தருகிறார் என்றால் பேரம் பேசும் கை தளர்ந்துவிடுகிறது.

முதுகுக்குப் பின்னால் ஆள் தேடுவது

2003 நவம்பர், ஆபர்ன் பல்கலைக்கழகம். பரம எதிரியான அலபாமாவுடன் மோத இரண்டே நாள் இருக்கிறது. பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் வாக்கர், விளையாட்டுத் துறை இயக்குநர் டேவிட் ஹவுசல், அறங்காவலர்கள் இருவர் ஆகியோர் விமானம் ஏறி இண்டியானா போகிறார்கள். லூயிவில் அணியின் பயிற்சியாளர் பாபி பெட்ரினோவிடம், எங்களிடம் வருகிறீர்களா என்று கேட்கத்தான் இந்தப் பயணம். அப்போது ஆபர்னின் பயிற்சியாளர் டாமி டூபர்வில் பதவியில்தான் இருக்கிறார். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமானம், வங்கியாளரும் அறங்காவலருமான பாபி லவுடருக்குத் தொடர்புடையது. ஆபர்னில் அவர் நினைத்ததுதான் நடக்கும் என்று ஊரே பேசிய காலம் அது.

ஆபர்ன் அந்த ஆட்டத்தில் வென்றது. ரகசியப் பயணமும் வெளியே வந்தது. ரசிகர்கள் டூபர்வில்லின் பக்கம் நின்றார்கள், அவர் பதவியில் தொடர்ந்தார், வாக்கர் சில வாரங்களில் விலகினார். அறங்காவலர்களின் தலையீட்டைக் காரணம் காட்டி, அங்கீகாரம் தரும் அமைப்பு பல்கலைக்கழகத்தையே கண்காணிப்பில் வைத்தது. அதாவது வேதியியலும் பொறியியலும் படிக்கும் மாணவர்களின் பட்டத்துக்கே நிழல் விழுந்தது. அடுத்த ஆண்டு, எந்தப் பயிற்சியாளர் வேண்டாம் என்றார்களோ அவருடைய அணி 13 ஆட்டங்களிலும் வென்றது.

வந்தவரை முதல் நாளே பலவீனப்படுத்துவது

2014 ஜனவரியில் டெக்சஸ் பல்கலைக்கழகம் சார்லி ஸ்ட்ராங்கை நியமித்தது. அந்த அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். வணிகப் பள்ளிக்கே தன் பெயர் வைக்கப்பட்ட அளவுக்கு நன்கொடை தந்த ரெட் மெக்கோம்ஸ், சில நாட்களுக்குள் வானொலியில் இந்தத் தேர்வைக் குறை சொன்னார். ஸ்ட்ராங் உதவிப் பயிற்சியாளராக இருக்கத்தான் பொருத்தம் என்ற பொருளில் பேசினார். பின்னால் வருத்தம் தெரிவித்தார். ஆனால் ஒரு பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், என்னை நம்பி அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் கேட்க வேண்டியவர் பயிற்சியாளர். சொந்த வீட்டிலேயே மதிப்பில்லை என்று செய்தி பரவினால் அந்தப் பேச்சு எப்படி எடுபடும்? ஸ்ட்ராங் தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. மூன்று பருவத்தில் 16 வெற்றி, 21 தோல்வி என்ற கணக்கை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் தொடக்கத்திலேயே அவர் காலைத் தட்டிவிட்டவர்கள் அவருடைய சொந்தத் தரப்பு ஆட்கள்தான்.

கூச்சலுக்குப் பயந்து முடிவை மாற்றுவது

டென்னசி பல்கலைக்கழகம், 2017 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. புதிய தலைமைப் பயிற்சியாளராக கிரெக் ஷியானோ வருகிறார் என்று செய்தி கசிந்தது. பென் ஸ்டேட்டில் நடந்த சிறார் பாலியல் கொடுமை பற்றி, அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்த அவருக்குத் தெரிந்திருந்தது என்ற குற்றச்சாட்டை வளாகப் பாறையில் வண்ணமடித்து எழுதினார்கள். ஷியானோ அதை முற்றாக மறுத்திருந்தார். சட்டமன்ற உறுப்பினர்கள்கூட எதிர்த்தார்கள். இரவுக்குள் பேரம் முறிந்தது, அந்த வாரமே இயக்குநர் ஜான் கரியும் பதவி இழந்தார். பிறகு வந்த ஜெரமி ப்ரூயிட் அதற்கு முன் எங்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. 2021 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். அவர் காலத்து 200க்கும் மேற்பட்ட விதிமீறல்களுக்காக டென்னசிக்கு 8 மில்லியன் டாலர் அபராதம் விழுந்தது. பின்னணியை முதலிலேயே ஆராய்ந்து, அறங்காவலர்களிடமும் பேசிவிட்டுப் பெயரை வெளியிட்டிருந்தால் அந்த ஞாயிறு நடந்தே இருக்காது.

வீரர்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே அவர்களுக்குப் பணம் பகிர்ந்து தரலாம்; முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு 20.5 மில்லியன் டாலர். முன்பு அரங்கம் கட்டப் பணம் தந்த பூஸ்டர் இப்போது வீரரைக் கொண்டுவரவும் தருகிறார். அதனால் அவருடைய பொறுமையும் குறைந்துவிட்டது; பருவத்தின் நடுவிலேயே பயிற்சியாளரை அனுப்பச் சொல்கிறார். அப்படி அனுப்பினால் அந்தப் பயிற்சியாளரை நம்பி வாக்குக் கொடுத்த பள்ளி மாணவர்கள் கலைந்து போகிறார்கள். ஃபிராங்க்ளினை அக்டோபர் நடுவில் அனுப்பிய பென் ஸ்டேட், அடுத்தவரைத் தேடியபடியே டிசம்பர் 3ஆம் தேதியைத் தொட்டது. உயர்நிலைப் பள்ளி வீரர்கள் கையெழுத்திடும் முதல் நாள் அது. அன்று இரண்டே பேர்தான் கையெழுத்திட்டார்கள்.

கையெழுத்திடப் போகும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உதவித்தொகை தருவது பல்கலைக்கழகம், பயிற்சியாளர் அல்ல. அவர் நாளைக்கே போய்விட்டாலும் அந்தப் படிப்பும் அந்த ஊரும் பையனுக்குச் சரிதானா என்று முதலில் பாருங்கள். பணம் தருவதாகச் சொன்னவர் பல்கலைக்கழகமா, வெளியாளா, பயிற்சியாளர் மாறினால் அது நிற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.