தள்ளுபடி இணைப்பைத் தொடும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பகுதிகளில் பழுதுபார்ப்பும் அடுத்த பருவத்துக்கான பொருட்கள் வாங்குவதும் நடக்கின்றன. வாட்ஸ்அப் குழுக்களில் ‘இன்று மட்டும் 87 சதவீதத் தள்ளுபடி’ என்று ஓர் இணைப்பு வந்தால், பணம் கட்டும் முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்யுங்கள். தலையில் கட்டும் டார்ச் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: கோடிட்டு அடித்துக் காட்டிய விலை 2,999 ரூபாய், விற்பனை விலை 399 ரூபாய்.

படி 1: சதவீதத்தை மறந்துவிட்டு, 399 ரூபாயை மட்டும் பாருங்கள். இதே டார்ச் ராமநாதபுரம் கடைத்தெருவில் என்ன விலை என்று விசாரியுங்கள். அங்கும் 400 ரூபாய்தான் என்றால், 2,999 என்பது தள்ளுபடியைப் பெரிதாகக் காட்டுவதற்காக எழுதப்பட்ட எண்தான். அமேசானில் உள்ள பொருளாக இருந்தால், கீப்பா என்ற தளத்தில் அதன் பழைய விலைகளை வரைபடமாகவே பார்க்கலாம். ‘இன்று மட்டும்’ என்ற விலை போன மாதமும் அதே விலைதானா என்பது அதில் தெரிந்துவிடும்.

படி 2: இணைப்பை அனுப்பியவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். முகவரியின் பின்பகுதியில் ‘டேக்’ என்ற ஆங்கிலச் சொல்லும் சமக்குறியும் அதையடுத்து ஒரு பெயரும் இருந்தால், அந்த வழியாக நடக்கும் விற்பனைக்கு அவருக்குக் கமிஷன் போகிறது என்று கொள்ளலாம். கமிஷன் வாங்குவது குற்றமன்று. வழக்கமாக நமக்கு விலையும் கூடுவதில்லை. அதை மறைத்துவிட்டு, தாமே வாங்கிப் பயன்படுத்தியதைப் போலப் புகழ்வதுதான் தவறு. பொருளை விளம்பரப்படுத்துபவர் நிறுவனத்தோடு தமக்குள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

இத்தகைய புகழுரைகளில் நம் கரையைப் பொறுத்தவரை மிகவும் கவனிக்க வேண்டியது ‘முழு வாட்டர்புரூஃப்’ என்ற சொல். ஐபி67 என்ற தரக்குறியீடு, நன்னீரில் ஒரு மீட்டர் ஆழம் வரை 30 நிமிடம் மூழ்கினாலும் பாதிப்பு ஏற்படும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது என்பதைத்தான் குறிக்கிறது. உப்புநீர் மாதக்கணக்கில் பட்டால் சார்ஜ் செய்யும் துளையின் உலோக முனைகள் அரிக்கப்படுமா என்பதற்கு அந்தச் சோதனையில் விடை இல்லை. கமிஷனுக்காக எழுதுபவர் பெரும்பாலும் பெட்டியில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார். அதனால் ஐந்து நட்சத்திரக் கருத்துகளை விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரக் கருத்துகளில் ‘உப்பு’, ‘துரு’ ஆகிய சொற்களைத் தேடிப் படியுங்கள்.

படி 3: குறுக்கப்பட்ட இணைப்பைத் தொடாமல், கடையின் செயலியை நேராகத் திறந்து பொருளின் பெயரைத் தேடுங்கள். அங்கே அந்த விலை இல்லையென்றால் இணைப்பு போலித் தளத்துக்குரியதாக இருக்கலாம்.

படி 4: உங்கள் அஞ்சல் குறியீட்டை இட்டு, ராமேசுவரமானால் 623526, பணம் கட்டும் பக்கம் வரை சென்று மொத்தத் தொகையைப் பாருங்கள். அனுப்பும் செலவும் நீங்கள் கேட்காத காப்பீடும் அங்கேதான் ஒட்டிக்கொள்கின்றன. கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, பொய்யான அவசரம் காட்டுவது, கட்டணத்தைத் துளித்துளியாக வெளியிடுவது ஆகியவை அதே ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் அடங்கும்.

படி 5: விளம்பரப் பக்கத்தையும் மொத்தத் தொகையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பொட்டலத்தைப் பிரிக்கும்போது காணொளி எடுங்கள். பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றால் முதலில் கடையின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பலனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். போலித் தளத்தில் பணம் போயிருந்தால் கடைக்கு எழுதிக் காத்திராமல், உடனே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணில் சொல்லுங்கள்.

அதற்கும் மசியாத கடையென்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விற்பவர் டெல்லியிலோ மும்பையிலோ இருந்தாலும் வழக்கை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை.