சிமுலேட்டர் காக்பிட்டின் சிறு விளக்கு: மின் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் விமான சிமுலேட்டர் காக்பிட் அமைப்பவர்கள் யோக், த்ராட்டில், ரட்டர் பெடல் ஆகிய விமானக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். லேண்டிங் கியர் எனும் சக்கர அமைப்பு இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் சிறு பச்சை எல்இடியைக் கடைசியில் அவசரமாக ஒட்டவைக்கிறார்கள். அந்த எல்இடி சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள்தான். ஆனால் தவறாக இணைத்தால் சேதம் அதோடு நிற்காமல் விளக்குகளை இயக்கும் ஆர்டுயினோ எனும் சிறு மின்னணுப் பலகையையும், சில வேளைகளில் கணினியின் யுஎஸ்பி போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். நான் கவனித்தவரை பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றே: இந்த எல்இடிக்கு எத்தனை வோல்ட் என்று கேட்கிறோமே தவிர, எத்தனை மில்லி ஆம்பியர் என்று கேட்பதில்லை.

எல்இடி தன் வழியாகப் பாயும் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளாது. சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டிலும், நீலமும் வெள்ளையும் ஏறத்தாழ 3 வோல்ட்டிலும் ஒளிரும். அந்த எல்லைக்கு மேல் மின்னழுத்தம் சிறிது கூடினாலும் மின்னோட்டம் பல மடங்கு ஏறிவிடும். அதைத் தடுத்து நிறுத்துவதற்காகவே தொடரில் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வைக்கிறோம். சிஆர் 2032 பட்டன் செல்லில் எல்இடியை நேராகச் செருகி, அது அழகாக ஒளிர்வதைப் பார்த்து, ரெசிஸ்டர் தேவையில்லை என்று முடிவு செய்வது மிகவும் பரவலான தவறு. அந்த செல்லின் உள்மின்தடை அதிகம் என்பதால் அங்கே எல்இடி தப்பிக்கிறது. அதே எல்இடியை யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் நேராக இணைத்தால் நொடியில் கருகிவிடலாம்.

கணக்கு எளிது. மூல மின்னழுத்தத்திலிருந்து எல்இடியின் மின்னழுத்தத்தைக் கழித்து, வேண்டிய மின்னோட்டத்தால் (ஆம்பியர் கணக்கில்) வகுக்க வேண்டும். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடிக்கு 10 மில்லி ஆம்பியர் போதும் என்றால் 300 ஓம் வரும். கடையில் கிடைக்கும் 330 ஓம் பொருத்தமானது. 12 வோல்ட்டில் அதே விளக்குக்கு 1 கிலோ ஓம் வேண்டும். இங்கே பலரும் 20 மில்லி ஆம்பியர் என்ற எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடிக்கு அது பெரும்பாலும் தொடர்ந்து தாங்கக்கூடிய உச்ச அளவு; கொடுத்தே தீர வேண்டிய அளவு அல்ல. இரவு நேர லேண்டிங்குக்காக அறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், இன்றைய அதிபிரகாச எல்இடி 2 மில்லி ஆம்பியரிலேயே கண்ணைக் கூசவைக்கும். எனவே அறையை இருட்டாக்கி, 1 கிலோ ஓமில் தொடங்கி, ஒளி போதாவிட்டால் மட்டும் ஓம் மதிப்பைக் குறைத்துக்கொண்டு வருவதே சரியான முறை.

லேண்டிங் கியருக்கான மூன்று பச்சை விளக்குகளையும் பக்க இணைப்பில் சேர்த்து, மூன்றுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் வைப்பது அடுத்த தவறு. மூன்றும் ஒரே பையிலிருந்து எடுத்தவையாக இருந்தாலும் அவற்றின் மின்னழுத்தம் துல்லியமாக ஒன்றாக இருக்காது. குறைந்த மின்னழுத்தம் கொண்டது மற்றவற்றின் பங்கையும் இழுத்துக்கொள்ளும். சூடு ஏற ஏற அதன் மின்னழுத்தம் மேலும் குறைவதால், அது இன்னும் அதிகமாக இழுக்கும். மஞ்சள் சாயல் கொண்ட பழைய வகைப் பச்சை எல்இடி ஏறத்தாழ 2.1 வோல்ட், தூய பச்சை ஏறத்தாழ 3 வோல்ட். இரண்டும் கலந்துவிட்டால் தூய பச்சை ஒளிரவே ஒளிராது. ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் வையுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு சக்கரத்தின் விளக்கையும் தனியே இயக்கவும் முடியும்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பொருள் வாங்கும்போது, வெறும் எல்இடியும், உள்ளேயே ரெசிஸ்டர் வைத்து ஒயருடன் வரும் 12 வோல்ட் எல்இடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். "அண்ணே, இது உள்ளே ரெசிஸ்டர் வெச்சதா, வெறும் எல்இடியா?" என்று கேட்டு வாங்கி, இரண்டையும் தனித்தனி உறைகளில் எழுதி வையுங்கள். ரெசிஸ்டரின் நிறப்பட்டைகளையும் கண்ணை நம்பிப் படிக்க வேண்டாம். ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்றால் 330 ஓம். மூன்றாவது பட்டை சிவப்பாக இருந்தால் 3.3 கிலோ ஓம். மஞ்சள் விளக்கொளியில் பழுப்பும் சிவப்பும் எளிதில் குழப்பும். சால்டர் செய்வதற்கு முன் மல்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பது சில விநாடி வேலை.

ஆர்டுயினோ ஊனோ வகைப் பலகையின் ஒரு பின்னிலிருந்து (இணைப்பு முனையிலிருந்து) 20 மில்லி ஆம்பியர் வரை எடுப்பது நல்லது. 40 என்பது தாண்டக்கூடாத எல்லை. ஆனால் எல்லாப் பின்களுக்கும் சேர்த்து 200 மில்லி ஆம்பியர்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விளக்குகள் பெருகும்போது யுஎல்என் 2803 போன்ற டிரைவர் ஐசி (பின்னுக்குப் பதிலாகச் சுமையைத் தாங்கும் சிப்) வழியாக அவற்றை இயக்க வேண்டும். ஒரு ஐசியில் எட்டு விளக்குகளைக் கட்டுப்படுத்தலாம். அது தனக்கென ஏறத்தாழ 1 வோல்ட் வரை எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

பேனல் பின்னொளிக்கு 12 வோல்ட் எல்இடி பட்டை வைப்பவர்கள் தனி அடாப்டரின் கிரவுண்டை (மைனஸ் பக்கத்தை) ஆர்டுயினோவின் கிரவுண்டுடன் இணைக்க மறந்துவிட்டு, விளக்கு ஏன் கட்டளைக்குப் பணியவில்லை என்று தேடுகிறார்கள். கிரவுண்டுகள் இணைய வேண்டும். 12 வோல்ட்டின் பிளஸ் மட்டும் 5 வோல்ட் பின்னை எந்த நிலையிலும் தொடக்கூடாது. யுஎஸ்பி போர்ட் பலியாவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டில் கிடக்கும் பழைய, கனமான டிரான்ஸ்பார்மர் அடாப்டரும் ஆபத்தானதே. 12 வோல்ட் என்று அச்சிட்டிருந்தாலும், மின்னழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் ரெகுலேட்டர் இல்லாத அத்தகைய அடாப்டர் சுமை குறைவாக இருக்கும்போது 16, 17 வோல்ட் வரை தரக்கூடும். 230 வோல்ட் ஒயரைக் காக்பிட் பெட்டிக்குள் கொண்டுவரவே வேண்டாம். அடாப்டர் வெளியிலேயே இருக்கட்டும்.

எல்இடியின் நீளமான கால் பிளஸ். காலை வெட்டிவிட்டால், விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் மைனஸ். 5 வோல்ட்டில் மாற்றி இணைத்தால் பொதுவாக ஒளிராமல் இருப்பதோடு போகும். 12 வோல்ட்டில் எல்இடியே கெடலாம். கடலோர ஈரக்காற்றில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் பச்சை பூத்து விட்டுவிட்டு எரியும் என்பதால், சால்டர் செய்து, சூடேற்றினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள்.

இணைத்து முடித்ததும் விளக்கை எரியவிட்டு, ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரில் வோல்ட் அளந்து பாருங்கள். 330 ஓமில் 3 வோல்ட் காட்டினால் பாய்வது 9 மில்லி ஆம்பியர். 6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் 18 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிட்டது என்று பொருள். உடனே அடாப்டரைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டரை மாற்றுங்கள்.