டிராஃப்ட் லாட்டரியைப் பற்றி வாதிடுவது எப்படி: வாய்ப்புக் கணக்கும் ஓரவஞ்சனைச் சந்தேகமும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட்; அந்த வரிசையின் முன் இடங்களை முடிவு செய்யும் குலுக்கல் டிராஃப்ட் லாட்டரி. 2025 மே 12 அன்று நடந்த அந்த லாட்டரியில், 1.8 சதவீத வாய்ப்பை மட்டுமே வைத்திருந்த டல்லாஸ் மாவெரிக்ஸ் முதல் தேர்வுரிமையை வென்று, அதைக் கொண்டு இளம் வீரர் கூப்பர் ஃப்ளாகை எடுத்துக்கொண்டது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் அந்த அணி தன் நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டுத் தன் சொந்த ரசிகர்களின் கடுங்கோபத்துக்கு ஆளாகியிருந்தது. இரண்டு நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பலருக்கும், லேக்கர்ஸுக்கு உதவியதற்கு லீக் கொடுத்த கைம்மாறுதான் இது என்ற சந்தேகம் எழுந்தது. இத்தகைய சந்தேகம் எழுவதில் தவறில்லை. ஆனால் அதை வைத்து நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை, ஒரு தரப்பு எண்ணைச் சொல்வதும் மறு தரப்பு கதையைச் சொல்வதுமாக, ஒன்றையொன்று தொடாமலேயே முடிந்துவிடுகின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வாதிடுவதற்கான வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பந்துகளை அறிந்துகொள்ளுங்கள்

குலுக்கல் நடக்கும் முறையை இரு தரப்பும் சரியாக அறிந்திருந்தால் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள் ஓர் இயந்திரத்துக்குள் போடப்படுகின்றன. 20 விநாடிகள் கலந்த பிறகு முதல் பந்தும், அதன்பின் 10 விநாடிகளுக்கு ஒன்றாக மற்ற மூன்று பந்துகளும் எடுக்கப்படுகின்றன. நேரம் பார்ப்பவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுதான் சைகை கொடுக்கிறார். பந்துகள் வந்த வரிசை பொருட்டில்லை என்பதால், 14 பந்துகளில் நான்கை எடுக்க 1,001 வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிட்டு, மீதமுள்ள 1,000 எண் சேர்க்கைகளை, பிளேஆஃப் என்னும் இறுதிக் கட்டப் போட்டிகளுக்குள் நுழையாத 14 அணிகளின் இடங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறார்கள். ஒதுக்கப்படாத சேர்க்கையோ, ஏற்கெனவே வென்ற அணியின் சேர்க்கையோ வந்தால் மீண்டும் குலுக்குகிறார்கள்.

2019 முதல் 2025 வரை நடந்த குலுக்கல்களில் பின்பற்றப்பட்ட பங்கீடு இது: மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்குத் தலா 14 சதவீதம், நான்காவது அணிக்கு 12.5, பிறகு 10.5, 9, 7.5, 6, 4.5, 3, 2, 1.5, 1 என்று இறங்கி, பதினான்காவது அணிக்கு அரை சதவீதம். முதல் நான்கு தேர்வுகள் மட்டுமே இவ்வாறு குலுக்கலில் முடிவாகின்றன. ஐந்தாவது தேர்விலிருந்து, மீதமுள்ள அணிகள் தோல்விகளின் வரிசைப்படியே நிற்கின்றன. ஆகவே கடைசி இடம் பிடித்த அணி ஐந்தாவது தேர்வுக்குக் கீழே போக முடியாது. சமநிலையில் முடித்த அணிகள் தங்கள் சேர்க்கைகளைக் கூட்டிப் பகிர்ந்துகொள்கின்றன. 2025இல் டல்லாஸும் சிகாகோவும் 39 வெற்றி, 43 தோல்வி என்று ஒரே நிலையில் முடித்ததால், பதினொன்றாம் இடத்தின் 20 சேர்க்கைகளும் பன்னிரண்டாம் இடத்தின் 15 சேர்க்கைகளும் ஒன்றாகி, டல்லாஸுக்கு 18, சிகாகோவுக்கு 17 என்று பிரிந்தன. 1.8 என்ற எண் அப்படி வந்ததுதான்.

எந்தக் கேள்விக்கு எந்த எண்

வாதங்கள் தடம் புரள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ‘டல்லாஸ் வெல்ல 1.8 சதவீதம்’ என்பது ஒரு கேள்விக்கான விடை. ‘இந்த ஆண்டு எதிர்பாராத அணி ஒன்று வெல்லுமா’ என்பது வேறொரு கேள்வி. பதினொன்று முதல் பதினான்கு வரையுள்ள இடங்களின் வாய்ப்புகளைக் கூட்டினால் 5 சதவீதம் வருகிறது. பத்தாவது இடத்தையும் சேர்த்தால் 8. அதாவது எந்த ஒரு பத்தாண்டை எடுத்துக்கொண்டாலும், அதில் ஒரு முறையாவது பத்து முதல் பதினான்கு வரையுள்ள ஐந்து இடங்களில் ஏதோ ஒன்று முதல் தேர்வைப் பெறுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 57 சதவீதம். நடந்தது என்னவென்றால், ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை: 2024இல் 3 சதவீத வாய்ப்புடன் அட்லாண்டா, 2025இல் டல்லாஸ். ஏழு முறை குலுக்கினால் இரண்டோ அதற்கு மேலோ இப்படி நிகழ்வதற்கான வாய்ப்பு சுமார் 10 சதவீதம். பத்தில் ஒன்று என்பது புருவத்தை உயர்த்த வைக்கும் எண்தான், ஆனால் மோசடி என்ற முடிவுக்கு வர அது போதாது. வாதத்தில் இதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். ‘சாத்தியமே இல்லை’ என்பவருக்கும் ‘இதில் வியக்க ஒன்றுமில்லை’ என்பவருக்கும் அது ஒருசேரப் பதிலாகும்.

விதியின் வரலாற்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாம் பேசும் ‘அதிசயங்கள்’ பலவற்றைப் பெற்றெடுத்தது அந்த விதிதான். 1990இல் வந்த முறையில் 11 அணிகளுக்கு மொத்தம் 66 வாய்ப்புகள் இருந்தன. கடைசி அணிக்கு 11, விளிம்பில் நின்ற அணிக்கு ஒன்று. 1993இல் 41 வெற்றி, 41 தோல்வியுடன் பிளேஆஃபைத் தவறவிட்ட ஆர்லாண்டோ மேஜிக், அந்த ஒற்றை வாய்ப்பை வைத்தே முதல் தேர்வை வென்றது; அதற்கு முந்தைய ஆண்டிலும் ஷக்கீல் ஓ’நீலை எடுக்கும் உரிமை அதற்கே கிடைத்திருந்தது. உடனே லீக் 1994 முதல் கடைசி அணியின் பங்கை 25 சதவீதமாக உயர்த்தியது. அது பிற்பாடு வேண்டுமென்றே தோற்கும் போக்குக்குத் தீனி போடுகிறது என்ற கண்டனம் எழுந்ததால், 2019 முதல் பங்கு மீண்டும் தட்டையாக்கப்பட்டது. அந்தப் பழைய முறையில் பத்து முதல் பதினான்கு வரையுள்ள இடங்களின் கூட்டு வாய்ப்பு 3.7 சதவீதம்; புதிய முறையில் அது இரு மடங்குக்கும் மேல். எதிர்பாராத வெற்றிகள் அடிக்கடி நிகழ்கின்றன என்று ஒருவர் சொன்னால், அவை அடிக்கடி நிகழும்படியாகவே விதி மாற்றப்பட்டது என்பதை முதலில் சுட்டிக்காட்ட வேண்டும்.

இன்னொரு நுட்பம்: ஓர் அணியிடம் எத்தனை தேர்வுரிமைகள் இருந்தன என்று பாருங்கள். 2011இல் கிளீவ்லாந்து 2.8 சதவீத வாய்ப்பில் வென்றது என்று சொல்வது வழக்கம். அது கிளிப்பர்ஸிடமிருந்து வாங்கிய தேர்வுரிமையின் வாய்ப்பு மட்டுமே. கிளீவ்லாந்தின் சொந்தத் தேர்வுரிமைக்கு 19.9 சதவீதம் இருந்ததால், அந்த அணி எப்படியாவது முதலிடம் பெறுவதற்கான வாய்ப்பு 22.7 ஆகும். லெப்ரான் ஜேம்ஸ் விட்டுச் சென்ற நகரத்துக்கு லீக் அளித்த ஆறுதல் பரிசு என்ற கதை, இந்த எண்ணைக் கேட்டதும் வலுவிழந்துவிடுகிறது.

சந்தேகத்தைச் சோதனைக்கு உட்படுத்துங்கள்

குலுக்கலுக்கு முந்தைய நாள் ஒரு தாளை எடுத்து, பதினான்கு இடங்களில் ஒவ்வொன்றும் வென்றால் மறுநாள் என்ன கதை சொல்லப்படும் என்று எழுதிப் பாருங்கள். நான் பரிந்துரைக்கும் வழிகளில் இதுவே மிகவும் பயனுள்ளது. 2025இல் சான் அன்டோனியோ வென்றிருந்தால் அதன் நட்சத்திர வீரர் வெம்பன்யாமாவுக்குத் துணை சேர்த்துப் புதிய பேரரசு கட்டுகிறார்கள் என்றிருப்பார்கள். புரூக்ளின் வென்றிருந்தால் நியூயார்க் என்ற பெரிய சந்தைக்குச் சலுகை. ஃபிலடெல்ஃபியா வென்றிருந்தால் காயங்களால் சிதைந்த சீசனுக்கு ஈடு. சிகாகோ வென்றிருந்தால், 2008இல் 1.7 சதவீத வாய்ப்பில் உள்ளூர்ப் பிள்ளை டெரிக் ரோஸை அந்த அணி பெற்றதை நினைவூட்டி, பெருநகரத்துக்கு மீண்டும் ஒரு சலுகை. யார் வென்றாலும் பொருந்தும் ஒரு கதை எதையும் நிரூபிப்பதில்லை. உங்கள் நண்பர் குலுக்கலுக்கு முன்பே ஓர் அணியின் பெயரைச் சொல்லி, அதையே பல ஆண்டுகள் தொடர்ந்து சரியாகச் சொல்லிவந்தால், அப்போது அவர் பேச்சுக்குக் காது கொடுப்பது கடமை.

கதைக்கு ஒத்துவராத ஆண்டுகளையும் அதே தாளில் எழுதுங்கள். நியூயார்க் நிக்ஸ் 1985க்குப் பிறகு ஒரு முறைகூட முதல் தேர்வை வெல்லவில்லை. சயான் வில்லியம்சனுக்காக நாடே காத்திருந்த 2019இல், சீசனின் மிக மோசமான அணியாக இருந்தும் அதற்குக் கிடைத்தது மூன்றாவது தேர்வு. லேக்கர்ஸ் லாட்டரி காலத்தில் முதல் தேர்வை வென்றதே இல்லை. 1997இல் இரண்டு தேர்வுரிமைகளைச் சேர்த்துச் சுமார் 36 சதவீத வாய்ப்பு வைத்திருந்த பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து டிம் டங்கன் நழுவி, சிறிய சந்தையான சான் அன்டோனியோவுக்குப் போனார். 2007இலும் பாஸ்டன், இரண்டாவது மோசமான அணியாக இருந்துகொண்டு, ஐந்தாவது தேர்வுக்குச் சரிந்தது. பெருநகரங்களைத் தூக்கிவிடுவதே லீக்கின் திட்டம் என்றால், அதை நிறைவேற்றுபவர்கள் மிகவும் மோசமாகவே நிறைவேற்றியிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் லாட்டரி நடந்த 1985ஐத் தனியாக வைத்துப் பேசுங்கள். அன்று பந்துகள் இல்லை. அணிக்கு ஒன்றாக ஏழு உறைகள் ஓர் உருளைக்குள் போடப்பட்டு, லீக்கின் தலைவரான ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் தம் கையால் எடுத்தார். அந்த ஆண்டின் முதல் தேர்வான பேட்ரிக் யூவிங் நிக்ஸுக்குப் போனார். தொட்டு அடையாளம் காணும்படி உறையின் முனை மடிந்திருந்தது, உறை குளிர்விக்கப்பட்டிருந்தது என்ற பேச்சுகள் இன்றுவரை ஓயவில்லை, அவற்றை உறுதிப்படுத்தும் சான்றும் வெளிவரவில்லை. ஒருவரின் கைப்பட எடுக்கும் முறை சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும் மோசமான முறை என்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்வேன். அதே வேளையில், நிக்ஸின் வாய்ப்பு ஏழில் ஒன்று, ஏறக்குறைய 14.3 சதவீதம் என்பதையும், உறைகளைக் குறித்த சந்தேகத்தைப் பந்துகளின் மேல் அப்படியே ஏற்றிவைக்க முடியாது என்பதையும் சொல்வேன்.

மோசடி என்று சொல்பவரிடம், அது எந்தக் கட்டத்தில் நடந்திருக்கும் என்று மரியாதையோடு கேளுங்கள். பந்துகளின் எடையிலா, சேர்க்கைகளின் பங்கீட்டிலா, எடுக்கும் நொடியிலா, அறிவிப்பிலா? பங்கீடு முன்கூட்டியே வெளியாகிவிடுகிறது. குலுக்கல் அறையில் அணிகளின் பிரதிநிதிகளும் செய்தியாளர்களும் எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தின் கணக்காளர்களும் இருக்கிறார்கள். கைப்பேசிகள் முன்பே வாங்கி வைக்கப்படுகின்றன. தோற்றுப்போன அணியின் ஆள் அதே அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே என்னைப் பொறுத்தவரை வலுவான பதில். இருந்தாலும் குலுக்கல் நேரலையில் காட்டப்படாமல், மூடிய அறையில் முடிந்த பிறகே முடிவு தொலைக்காட்சியில் அறிவிக்கப்பட்டுவந்திருக்கிறது. இந்தக் குறையைச் சந்தேகிப்பவர் எடுத்துக்காட்டினால் மறுக்க வேண்டாம். பந்துகள் விழுவதை நேரலையாகக் காட்டும்படி கோருவது இரு தரப்பும் சேர்ந்து கேட்கக்கூடிய நியாயமான கோரிக்கை.

நலன் முரண் என்பதையும் மோசடி என்பதையும் பிரித்துப் பேசுவது இங்கே மிக அவசியம். 2010 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸ் ஹார்னெட்ஸ் அணியை லீக்கே வாங்கி நடத்தத் தொடங்கியது. 2011 டிசம்பரில், உரிமையாளரின் இடத்தில் இருந்த ஸ்டெர்ன், அந்த அணியின் வீரர் கிறிஸ் பாலை லேக்கர்ஸுக்கு அனுப்பவிருந்த பரிமாற்றத்தைத் தடுத்தார். 2012 ஏப்ரலில் டாம் பென்சனுக்கு விற்க உடன்பாடானது. அடுத்த மாதமே அந்த அணி 13.7 சதவீத வாய்ப்பில் முதல் தேர்வை வென்று ஆந்தனி டேவிஸைப் பெற்றது. குலுக்கலை நடத்தும் அமைப்பே பங்கேற்கும் அணி ஒன்றைக் கையில் வைத்திருந்தது முறையற்றது என்று எவ்விதத் தயக்கமும் இன்றி வாதிடலாம். பந்துகளை யாரோ தொட்டார்கள் என்பது அதிலிருந்து தானாகப் பின்தொடர்வதில்லை. அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

கடைசியாக, எதிரே இருப்பவர் தோற்ற அணியின் ரசிகரா என்று பாருங்கள். 17 வெற்றி, 65 தோல்வி என்ற யூட்டாவின் சீசனைப் பொறுமையோடு பார்த்து முடித்தவருக்கு ஐந்தாவது தேர்வுதான் மிஞ்சியது. அவரிடம் ‘கணக்கு படியுங்கள்’ என்று சொல்வது வாதமும் ஆகாது, பண்பும் ஆகாது. அவருக்குச் சொல்ல வேண்டிய எண் 47.9: கடைசி அணி ஐந்தாவது தேர்வுக்குப் போவதற்கான சதவீதம் அது. 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அப்படியே நடந்தது. அதற்கான வாய்ப்பு சுமார் 11 சதவீதம். மிக மோசமான மூன்று அணிகளில் எதுவுமே முதல் தேர்வை வெல்லாமல் போவதற்கான வாய்ப்பு 58 சதவீதம். அவருடைய கோபம் நியாயமானதே. அந்தக் கோபத்தை யாரோ மறைவில் செய்ததாக ஊகிக்கும் மோசடியின் மேல் செலவழிப்பதைவிட, அணி உரிமையாளர்கள் 2017 செப்டம்பரில் வெளிப்படையாக வாக்களித்து ஏற்ற இந்தப் பங்கீட்டின் மேல் திருப்பினால், கடைசி அணிக்கு 14 சதவீதம் போதுமா, முதல் நான்கு தேர்வுகளையும் குலுக்கத்தான் வேண்டுமா என்று விடை காணக்கூடிய கேள்விகளை அவரோடு சேர்ந்து கேட்கத் தொடங்கலாம்.