ஆடு புலி ஆட்டத்தை பைதானில் எழுதலாம்: எந்த வேலை எந்த கிளாஸுக்கு?

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையை, அதாவது நிரலின் தகவலையும் வேலையையும் கிளாஸ் என்ற அச்சுகளாகப் பிரித்து எழுதுவதை, பழக டிக்-டாக்-டோவை நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒரே விதி என்பதால் கிளாஸ் பிரிக்கவேண்டிய தேவையே அதில் வராது. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆடு யாரையும் தாண்டாது. காய்க்குக் காய் குணம் மாறுவதால் கிளாஸ் எதற்கு என்பது தானாகவே புரியும்.

பைதானில் ஃபங்ஷன், லிஸ்ட், டிக்‌ஷனரி தெரிந்தால் போதும். எடிட்டர் உங்கள் விருப்பம். படத்தோடு விளையாட்டு எழுத உதவும் பைகேம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். படம் வரைவதிலேயே கவனம் போய்விடும்.

1. பலகை

நிறையப் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். சதுரங்கம் போல வரிசை, நிரை என்று இரட்டை லிஸ்ட் போட்டால் இந்த ஆட்டத்தின் முக்கோணப் பலகை அதில் அடங்காது. சரி, ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்து இடங்களை எழுதி வைக்கலாமா? நகர்வதற்கு அது போதும், வெட்டுவதற்குப் போதாது.

உச்சிக்கு 0 என்று எண் கொடுங்கள். அதற்குக் கீழே மூன்று குறுக்குக் கோடுகளில் ஆறாறு இடம், 1 முதல் 18 வரை. அடிக்கோட்டில் 19 முதல் 22. மொத்தம் 23 இடம். இப்போது 0-இல் புலி, 2-இல் ஆடு. 2-க்குப் பக்கத்து இடங்கள் 0, 1, 3, 8. புலி எங்கே போய் இறங்கலாம்? 8 மட்டும்தான், ஏனென்றால் வெட்டு நேர்கோட்டில்தான் நடக்கவேண்டும். பக்கத்து இடங்களை மட்டும் வைத்திருக்கும் நிரல் 1-க்கும் 3-க்கும் திரும்பிப் பாய விட்டுவிடும்.

அதனால் இடங்களை அல்ல, கோடுகளை எழுதுங்கள். பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும்:

```
கோடுகள் = [
    [0, 2, 8, 14, 19], [0, 3, 9, 15, 20],
    [0, 4, 10, 16, 21], [0, 5, 11, 17, 22],
    [1, 2, 3, 4, 5, 6], [7, 8, 9, 10, 11, 12],
    [13, 14, 15, 16, 17, 18], [19, 20, 21, 22],
    [1, 7, 13], [6, 12, 18],
]
```

மொத்தப் பலகையும் இந்தப் பத்துக் கோடுதான். ஒரு கோட்டில் அடுத்தடுத்த இரண்டு எண் என்றால் நகர்வு. அடுத்தடுத்த மூன்று என்றால் வெட்டு. இரண்டுக்கும் இரு திசை உண்டு. இந்த லிஸ்ட் பலகை கிளாஸுக்குள் இருக்கட்டும், வெளியே யாரும் தொடவேண்டாம். எந்த இடத்தில் எந்தக் காய் என்ற டிக்‌ஷனரியும் அங்கேயே.

2. காய்கள்

காய் என்று ஒரு தாய் கிளாஸ். அதன் கீழ் புலி, ஆடு. இரண்டிலும் ஒரே பெயரில் ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்): நகர்வுகள். பலகையையும் தன் இடத்தையும் வாங்கிக்கொண்டு, போகக்கூடிய நகர்வுகளைத் திருப்பித் தரும். ஆடு காலியான பக்கத்து இடங்களைத் தரும். புலி அவற்றோடு வெட்டுகளையும் சேர்க்கும். ஆட்டத்தை நடத்தும் கிளாஸில் ‘இது புலியா?’ என்று கேட்கும் வரி வந்தால், அந்த வேலையைக் காயிடமே கொடுத்துவிடுங்கள்.

நகர்வையும் ஒரு சின்ன ஆப்ஜெக்டாக (கிளாஸை வைத்து உருவாக்கும் பொருளாக) வைப்பது எனக்குப் பிடிக்கும்: எங்கிருந்து, எங்கே, வெட்டுப்பட்டது எது. பின்னால் ஒரு நகர்வைத் திரும்பப் பெறும் வசதி வேண்டுமென்றால் இது கைகொடுக்கும்.

3. ஆட்டம்

யார் முறை, கையில் மிச்சம் எத்தனை ஆடு, யார் ஜெயித்தது: இவை மட்டும் இங்கே. 15 ஆடும் இறங்கும்வரை ஆடுகள் நகரக்கூடாது என்பதும் இங்கேதான் வரும். எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை ஆரம்பத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று புலியின் நகர்வுகளும் காலியாக வந்தால் ஆடு ஜெயித்தது.

திரையில் காட்டுவதும் விசைப்பலகையில் வாங்குவதும் தனி கிளாஸ். காய்களைக் காட்டத் தமிழ் எழுத்து வேண்டாம்; பல டெர்மினல்களில் அகலம் சரியாக அமையாமல் கோடு கோணிவிடும். புலிக்கு #, ஆட்டுக்கு +, காலி இடத்துக்கு புள்ளி.

பின்சேர்க்கை: உச்சியில் இருக்கும் புலி திடீரென்று 19-க்குத் தாவுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். கோட்டில் முந்தைய இடத்தை எடுக்க, லிஸ்டில் அது எத்தனையாவது என்ற எண்ணிலிருந்து (0-இல் தொடங்குவது) ஒன்றைக் கழித்திருப்பீர்கள். முதல் இடத்தில் அது -1 ஆகும். பைதானில் -1 என்றால் லிஸ்டின் கடைசி. எண்ணைக் கழிப்பதை விட்டுவிட்டு, ஜிப் (zip) ஃபங்ஷனில் கோட்டையும் முதல் எண் நீக்கிய அதே கோட்டையும் கொடுங்கள். ஜோடி ஜோடியாக வரும், இந்தத் தாவலும் நின்றுவிடும்.