நவம்பர் அந்தியில் மான் குறுக்கே வந்தால்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் கார் ஓட்டுகிறவர்கள் நவம்பரில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வெள்ளைவால் மான்கள் இணைசேரும் காலம் அக்டோபரில் தொடங்கி நவம்பர் நடுவில் உச்சத்துக்கு வரும். மற்ற மாதங்களில் சாலையோரம் நின்று பார்த்துவிட்டுக் கடக்கும் ஆண் மான், இப்போது பெண் மானின் வாடையைப் பிடித்துக்கொண்டு தலையைத் தாழ்த்தியபடி ஓடிவரும். எதிரே வரும் வண்டி அதன் கவனத்திலேயே இருக்காது. பட்டப்பகலிலும் இப்படி வரும். (அலபாமா போன்ற தென்மாநிலங்களில் பல இடங்களில் உச்சம் ஜனவரியில்.)

விடியலும் அந்தியும்தான் மிக மோசமான நேரம். நவம்பர் முதல் ஞாயிறன்று, கோடைக்கால நேரம் முடிவதால், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறோம். மறுநாளே வேலை விட்டுத் திரும்பும் நேரம் அந்தி இருட்டில் போய் விழுகிறது.

வேகம்தான் முக்கியம். மணிக்கு 60 மைலில் போகும்போது மானைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள்ளேயே 132 அடி போயிருப்பீர்கள். காய்ந்த சாலையில் வண்டி நிற்க மொத்தம் 300 அடி வேண்டும். லோ பீம் வெளிச்சமோ சுமார் 200 அடிதான் எட்டும். 45 மைலுக்குக் குறைத்தால் 200 அடிக்குள் நிறுத்திவிடலாம். ஈர இலைகள் கிடந்தால் இன்னும் குறையுங்கள். எதிரே வண்டி இல்லாதபோதெல்லாம் ஹை பீம் போடுங்கள். விளக்குக் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் பாலிஷ் போட்டுவிடுங்கள். மங்கிய விளக்கில் இந்தக் கணக்கெல்லாம் தப்பிவிடும்.

நடுச்சாலையை மட்டும் பார்க்காமல் இரு ஓரங்களிலும் கண்ணை ஓட்டுங்கள். மானின் கண்கள் இடுப்புயரத்தில் இரண்டு வெளிறிய புள்ளிகளாக மின்னும். தலையைத் திருப்பினால் சட்டென்று அணைந்துவிடும். ஓரத்துக் கம்பங்களின் ரிஃப்ளெக்டர் அப்படி அணையாது. ஒரு மான் கடந்துவிட்டது என்று ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். முன்னால் ஓடியது பெண் மான் என்றால் துரத்தி வரும் ஆண் இன்னும் புதருக்குள் இருக்கலாம்.

மான் எதிரே நின்றுவிட்டால் பிரேக்கை முழுதாக அழுத்துங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும். அதற்குப் பயந்து காலை எடுக்காதீர்கள். ஹாரனை விடாமல் நீளமாக அடியுங்கள். ஸ்டியரிங்கை ஒடிக்க மட்டும் ஒடிக்காதீர்கள். மான் நீங்கள் ஒடித்த பக்கமே பாயலாம். மரத்திலோ எதிரே வரும் லாரியிலோ மோதினால் உயிருக்கே ஆபத்து. சத்தம் எழுப்பி மானை விரட்டும் என்று சொல்லி விற்கும், பம்பரில் ஒட்டும் மான் விசிலை நம்பிக் காசைக் கரைக்க வேண்டாம், அதனால் பயன் இல்லை.

மோதிவிட்டால் ஓரம் கட்டி, ஹசார்ட் விளக்கைப் போட்டு அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். அடிபட்ட மானின் அருகே போகாதீர்கள். வலியில் உதைக்கும், கொம்பால் குத்தும். வண்டிக்கடியில் பச்சை அல்லது ஆரஞ்சு நிறத்தில் கூலன்ட் சொட்டினால் ரேடியேட்டர் உடைந்திருக்கிறது. ஒரு மைல்கூட ஓட்டாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

மான் மோதிய சேதம் காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, விலங்கு மோதல் போன்றவற்றுக்கான) இன்சூரன்ஸில் வரும். மானைத் தவிர்க்க ஒடித்து மரத்தில் மோதினால் அது கொலிஷன் (வண்டி எதிலாவது மோதிய சேதத்துக்கான காப்பீடு) கணக்கு. பழைய கார்தானே என்று லயபிலிட்டி (நீங்கள் அடுத்தவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு) மட்டும் எடுத்திருந்தால் இரண்டுக்கும் ஒன்றும் கிடைக்காது. அக்டோபருக்கு முன்பே பாலிசியை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.